யாருக்கு யார் கடன்பட்டவர்? “யாகத்தே கிமி நி நாரு”: தோக்கோ – யூ உறவை வாசிப்பது (எட்டுத் தொகுதிக்கும் ஸ்பாய்லர் உண்டு)

கூழாங்கல்:
எட்டுத் தொகுதியையும் முடித்தவர்களுக்கான இழை இது. அனிமேயின் 13 பகுதிகளை மட்டும் பார்த்தவர்கள் படித்துவிட்டு வாருங்கள். இங்கே எதையும் மறைக்கப்போவதில்லை.

நகாத்தானி நியோவின் இந்த மங்காத் தொடர் (ஜப்பானியப் படக்கதை) 2015 ஏப்ரலில் “டெங்கெகி டைஓ” மாத இதழில் தொடங்கி 2019 செப்டம்பரில் முடிந்தது. மொத்தம் 45 அத்தியாயம். இங்கிலீஷில் “ப்ளூம் இன்டு யூ”. நனாமி தோக்கோ இரண்டாம் ஆண்டு, மாணவர் மன்றத் தலைவி. கொய்தோ யூ முதலாம் ஆண்டு, தேர்தலில் அவளை ஆதரித்து மேடையில் பேசுபவள். வெளியே தெரியும் ஏற்றத்தாழ்வு இவ்வளவுதான், அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

என் கேள்வி வேறு. தோக்கோ யூவை விரும்பக் காரணமே யூவுக்கு யார்மீதும் விருப்பம் வராது என்பதுதான். “நான் விரும்பிக்கொண்டே இருப்பேன், நீ மட்டும் என்னை விரும்பிவிடாதே” என்பது நிபந்தனை. ஒருத்தி கொடுக்கிறாள், திருப்பித் தராமல் இருப்பதுதான் மற்றவள் தர வேண்டியது. இதில் மேல்கை யாருக்கு? அத்தியாயத்தையும் காட்சியையும் சுட்டிப் பேசினால் நல்லது.

கரிசல்:
தோக்கோவுக்குத்தான், சந்தேகமே இல்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்க. இடப்பக்கம் தோக்கோ யூவிடம் கேட்பவை, வலப்பக்கம் யூ தோக்கோவிடம் கேட்பவை. முதல் இரண்டு தொகுதிக்கு மட்டும் செய்தால் போதும்.

இடப்பக்கம் நிரம்பி வழியும்: எனக்காகத் தேர்தல் வேலை பார், நான் உன்னை விரும்ப விடு, நீ இப்படியே இரு, நான் பலவீனமாக இருக்கும்போது பக்கத்தில் இரு, வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம். ரயில்வே கேட் காட்சியில் கேட்காமலேயே முத்தம். யூ வேண்டாம் என்று சொல்லவில்லையே என்பார்கள். திகைத்து நிற்பது சம்மதம் ஆகாது.

வலப்பக்கம்? ஆரம்பத்தில், நடுநிலைப்பள்ளித் தோழன் சொன்ன காதலை எப்படி மறுப்பது என்று யோசனை கேட்கிறாள். அதோடு சரி. இரண்டாம் தொகுதி முடிவில்தான் உருப்படியான ஒரே வேண்டுகோள் வருகிறது. ஆற்றின் நடுவே, மிதிகற்கள்மேல் நின்று, நீங்கள் வேறொருத்தியாக மாற வேண்டாம் என்கிறாள். அதைத் தோக்கோ முகத்தில் அடித்தாற்போல் மறுக்கிறாள். முதல்முறை வாய் திறந்தவளுக்குக் கிடைத்தது அது. அடுத்த பக்கத்தில் தோக்கோ தன் நிபந்தனையை இன்னும் இறுக்குகிறாள்.

பக்கம் பதினேழு:
கரிசல், தாள் கணக்கு சரிதான். ஆனால் அது வசனத்தை மட்டும் எண்ணுகிறது. இந்த மங்காவில் பாதி விஷயம் வசனமே இல்லாத கட்டங்களில் இருக்கிறது.

முதல் அத்தியாயத்துக்கே போங்க. தலைப்பு “நட்சத்திரங்கள் எனக்கு எட்டாது” என்ற பொருளில் வரும். ஷோஜோ மங்காவிலும் (சிறுமியருக்கான படக்கதை) காதல் பாட்டிலும் வரும் சொற்களுக்கெல்லாம் யூவுக்குப் பொருள் தெரியும், உணர்வு மட்டும் வரவில்லை. யாராவது காதலைச் சொன்னால் காலில் சிறகு முளைக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறாள். கால் தரையிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் தன்னைப்போலவே ஒருத்தி இருக்கிறாள் என்று தோக்கோவை நம்புகிறாள். அந்தத் தோக்கோதான் அவள் கண்ணெதிரே முகம் சிவந்து காதலில் விழுகிறாள். யூவுக்கு வரும் முதல் எண்ணம் பயம் அல்ல, “இது நியாயமில்லை” என்பது. கூட நின்றவள் தன்னை விட்டுவிட்டு அக்கரைக்குப் போய்விட்டாள் என்ற பொறாமை.

ஆக, யூ தன் கண்ணில் தாழ்ந்து நிற்பது பதவியாலோ வயதாலோ அல்ல. தனக்கு இல்லாத ஒன்று தோக்கோவிடம் இருக்கிறது, அதைக் கிட்டேயிருந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அவள் போகாமல் நிற்கிறாள். அவளுக்கும் ஒரு தேவை இருக்கிறது, வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதால் அது உங்கள் தாளில் ஏறாது.

மறுவாசிப்பில் இன்னொன்றும் பாருங்க. மனக்குரல் யாருடையது என்று அத்தியாய வாரியாகக் குறித்து வையுங்கள். தொடக்கத்தில் அநேகமாக யூவின் குரல்தான். தோக்கோ உள்ளே என்ன நினைக்கிறாள் என்பது நமக்குத் திறப்பதே அந்த ஆற்றங்கரை அத்தியாயங்களில்தான். அதுவரை வாசகரும் யூவும் ஒரே இருட்டில் இருக்கிறோம். தோக்கோவை முதல் தொகுதியிலேயே குற்றவாளி ஆக்கினால், சாட்சி சொல்ல ஒருத்தியை மட்டும் கூப்பிட்டதுபோல் ஆகும்.

வேற்றுமை உருபு:
அந்த இரண்டு ஆற்றங்கரை அத்தியாயங்களின் தலைப்பை யாராவது கவனித்தீர்களா? ஜப்பானிய மூலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு இடைச்சொல். முதலாவது “கொதோபா வா தோஜிகோமெதே”, இரண்டாவது “கொதோபா தே தோஜிகோமெதே”. இங்கிலீஷில் இதைக் கொண்டுவர வாக்கியத்தையே மாற்ற வேண்டும். தமிழில் உருபு ஒன்றை மாற்றினால் போதும்: “சொல்லை அடைத்து”, “சொல்லால் அடைத்து”.

யூ தன் சொல்லை உள்ளே வைத்துப் பூட்டுகிறாள். தோக்கோ சொல்லைக்கொண்டு யூவைப் பூட்டுகிறாள். ஒரே பூட்டு, இரண்டு பக்கம். கூழாங்கல் கேட்ட “மேல்கை யாருக்கு” என்ற கேள்விக்கு ஆசிரியரே தலைப்பில் பதில் வைத்திருக்கிறார் என்பது என் கட்சி.

அடுத்தது “சுகி” என்ற சொல். இதைக் “காதலிக்கிறேன்” என்று பெயர்ப்பவர்கள் கதையையே கெடுத்துவிடுகிறார்கள். சுகி என்பது மாம்பழத்துக்கும் வரும், நண்பனுக்கும் வரும், காதலுக்கும் வரும். நமக்குக் கையருகே இருக்கிறது “பிடிக்கும்”. அதே அகலம், அதே மழுப்பல். போதாததற்குப் பிடி என்றால் பற்றுவது, விடாமல் இறுக்குவது. தோக்கோ அந்த அத்தியாயத்தில் நினைப்பது இதுதான்: “இப்படிப்பட்ட உன்னைப் பிடிக்கும்” என்றால் “இப்படி இல்லாமல் போனால் பிடிக்காது” என்றுதானே பொருள், ஆகவே அது வன்முறையான சொல். “பிடிக்கும்” என்று போட்டால் அவள் பயம் தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே கேட்கும். “காதல்” என்று போட்டால் அந்த வாதம் காற்றில் நிற்கும்.

தூவானம்:
இதையெல்லாம் நம் இலக்கணத்தில் கைக்கிளை என்று சொல்லிவிட்டுப் போகலாமே? ஒருதலைக் காமம்.

வேற்றுமை உருபு:
தூவானம், ஒரு இடத்தில் மட்டும் அது கச்சிதமாகப் பொருந்தும். தொல்காப்பியம் கைக்கிளைக்குச் சொல்லும் குறிப்பு “சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்”. மறுமொழி கிடைக்காமலே சொல்லிச் சொல்லி மகிழ்வது. அங்கே மறுமொழி கிடைக்காதது அவன் பாடு. தோக்கோவோ மறுமொழி வந்துவிடக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

ஆனால் கைக்கிளை என்று பெயர் வைத்தவுடன் மற்றவள் வெறும் கேட்பவள் ஆகிவிடுவாள். இரண்டாம் தொகுதிக்குப் பிறகு யூ அப்படி இல்லை. அவளுக்குப் பிடித்துப்போகிறது, அதை மறைக்கிறாள். இருவருக்கும் விருப்பம் இருந்தும் ஒருதலையாகவே நடிக்க வேண்டிய நிலை. அதற்குப் பழைய பெயர் எதுவும் பொருந்தாது.

மூன்றாம் மணி:
யூவுக்குப் “பிடித்துப்போகிறது” என்று எல்லோரும் எளிதாகக் கடந்துபோகிறீர்கள். காதல் உணர்வு இல்லாதவர்கள் பலர் முதல் தொகுதியில் தங்களைக் கண்டு மகிழ்ந்து, கடைசித் தொகுதியில் கைவிடப்பட்டதாக உணர்ந்தார்கள். “இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தால் சரியாகிவிடும்” என்று சுற்றத்தார் சொல்வதைக் கதையும் சொல்லிவிட்டதே என்பது அவர்கள் வருத்தம். அது நியாயமான வருத்தம்.

எதிர்வாதமாக மாக்கியைக் காட்டுவார்கள். மாணவர் மன்றத்தில் யூவோடு இருக்கும் பையன். மற்றவர் காதலைப் பார்வையாளர் இருக்கையில் இருந்து ரசிப்பவன், மேடையேற விருப்பமே இல்லாதவன். கதை அவனைத் திருத்த முயல்வதில்லை, கடைசிவரை அவன் அப்படியே இருக்கிறான். அது பெரிய விஷயம்தான். ஆனால் நாயகி மாறுவதும் துணைப்பாத்திரம் மாறாமல் இருப்பதும் ஒரே எடையா?

பக்கம் பதினேழு:
ஒரே எடை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மாக்கியை வெறும் ஈடுகட்டலாகப் பார்க்க வேண்டாம். அவனும் யூவும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி பேசுகிறார்கள், வேறுபாடு மனநிலையில். மாக்கிக்குத் தனக்குக் காதல் வராதது குறையாகவே தெரியவில்லை, நிம்மதியாக இருக்கிறான். யூ முதல் பக்கத்திலிருந்தே ஏங்குகிறாள். தோக்கோ கொடுத்த வீட்டுக் கோளரங்க விளக்கைப் போட்டுக்கொண்டு கூரையில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்க்கும் காட்சியை நினைத்துப் பாருங்க. வேண்டும் என்கிறவளுக்குக் கிடைப்பதும், வேண்டாம் என்கிறவன்மீது திணிப்பதும் ஒன்றல்ல.

ஏழாம் தொகுதியில் யூ “நானும் உன்னைப்போலத்தான்” என்று மாக்கியிடம் ஒதுங்கப் பார்க்கும்போது, அவன் அதை ஏற்பதில்லை. உண்மையிலேயே காதல் வராத ஒருவன்தான் அவள் சொல்வது பொய் என்று கண்டுபிடிக்கிறான். எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் மதிப்புள்ள இடம் அது.

கரிசல்:
சரி, என் தாளுக்கு ஒரு மூன்றாம் பத்தி சேர்க்கிறேன்: கேட்காமலே எதிர்பார்த்தவை. ஆனால் தோக்கோவை விட்டுவிட மாட்டேன். அவள் அக்கா விஷயத்தைச் சொல்லித்தான் எல்லோரும் அவளை மன்னிக்கிறார்கள். துக்கம் இருந்தால் இன்னொருத்தியை உறையவைக்க உரிமை வந்துவிடுமா?

நடை வண்டி:
மன்னிப்பதற்காக அல்ல, எந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிவதற்காக அக்கா வேண்டும்.

அக்கா மியோ ஏழாண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் இறந்தவள். அதே பள்ளியின் மாணவர் மன்றத் தலைவி. அவள் போட இருந்த நாடகம் நின்றுபோனது. கூச்ச சுபாவமுள்ள சிறுமியான தோக்கோ அக்காவைப் போலவே ஆகி அந்த நாடகத்தைப் போட்டு முடிக்கப் பார்க்கிறாள். அக்காவைப் போல நடக்கும் தோக்கோவைப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால், உள்ளே இருக்கும் பழைய தோக்கோ செத்தாள். பழைய தோக்கோவைப் பிடிக்கும் என்று சொன்னால், அக்காவுக்காகச் செய்த அத்தனையும் வீண். எந்தப் பக்கம் போனாலும் அடி. பிடிக்கும் என்று சொல்லவே சொல்லாத ஒருத்தி பக்கத்தில் மட்டும்தான் மூச்சு விட முடியும். யூவைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம்.

அப்புறம் ஆசிரியர் ஒரு வேலை செய்கிறார். கோடைப் பயிற்சி முகாமில் இச்சிகாயா வருகிறார், மியோவோடு மன்றத்தில் இருந்தவர். அவர் சொல்லும் மியோ வேலையைப் பிறர் தலையில் கட்டிவிட்டுச் சுற்றுகிறவள். தோக்கோ ஏழு வருடம் பார்த்து எழுதிய மூலப்பிரதியே ஒருபக்கப் பிரதி.

நாடகமும் அதே புதிர்தான். நினைவிழந்த ஒரு பெண்ணைப் பார்க்க மூன்று பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் வேறொருத்தியாக அவளை நினைவுகூர்கிறார்கள். யூவின் தோழி கொயோமி எழுதிய முதல் வடிவத்தில் அவள் காதலி சொன்ன தன்னையே எடுத்துக்கொள்கிறாள். யூ கொயோமியிடம் பேசி முடிவை மாற்றவைக்கிறாள்: மூவரில் ஒருத்தியாகவும் ஆகாமல் இப்போதிருக்கிறவளாகவே வெளியே வருகிறாள். தோக்கோ நோயாளி, யூ செவிலி. மேடைக்கு வெளியே சொல்லத் தடைசெய்யப்பட்டதை மேடையில் செவிலியின் வாயால் சொல்கிறாள்.

இங்கே கரிசல் தாளில் எழுத வேண்டிய ஒன்று இருக்கிறது. யூ தோக்கோவின் அனுமதி வாங்கிக்கொண்டு இதைச் செய்யவில்லை. அவளை மாற்றுவது என்று தனக்குள் முடிவெடுத்துவிட்டுச் செய்தாள். நல்ல நோக்கம்தான், ஆனாலும் “நீ இப்படியே இரு” என்பதும் “நீ இப்படி மாறு” என்பதும் ஒரே குடும்பம்.

கரிசல்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் மணி:
சயகாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஏற்றத்தாழ்வு இல்லாத ஜோடி வேண்டும் என்றால் அதுதான் காகிதத்தில் பொருத்தம். தோக்கோவின் அதே வகுப்பு, மன்றத்தில் துணைத்தலைவி, மதிப்பெண்ணில் எப்போதும் அடுத்த இடம். தோக்கோவை எல்லோரையும்விட அதிகம் கவனித்தவள். விரும்பப்படுவது தோக்கோவுக்குத் தாங்காது என்பதையும் முதலில் புரிந்துகொண்டவள், அதனால் வாய் திறக்காமல் காத்திருக்கிறாள். நடுநிலைப்பள்ளியில் ஒரு சீனியர் தானே அவளிடம் வந்து காதல் சொல்லி, பிறகு அது விளையாட்டு என்பதுபோல் கைவிட்ட காயமும் இருக்கிறது.

ஏழாம் தொகுதியில் கியோத்தோ பள்ளிச் சுற்றுலாவில் அவள் சொல்லிவிடுகிறாள். நான் மாறிவிட்டால் என்ன ஆகும் என்ற தோக்கோவின் பழைய பயத்துக்கு அவள் கொடுக்கும் பதிலைப் பாருங்கள்: பிடிக்கும் என்பது நீ மாறினாலும் எனக்குப் பிடித்தவளாகவே இருப்பாய் என்ற நம்பிக்கையைச் சொல்லும் சொல். இரண்டாம் தொகுதியில் வன்முறையாக இருந்த அதே சொல்லுக்கு ஐந்து தொகுதி தள்ளி மறுவிளக்கம் வருகிறது. அதைக் கொண்டுவருகிறவள் தோற்கப்போகிற சயகா. தோக்கோ அவளை மறுக்கிறாள், ஆனால் அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டுதான் யூவிடம் போகிறாள். சயகாவைத் தடையாகப் படிக்கிறவர்கள் இந்தக் கதையின் சாவியைத் தொலைக்கிறார்கள்.

தூவானம்:
சீனியர்–ஜூனியர் என்பதே யூரியின் (பெண்களுக்கிடையிலான காதல் கதைகள்) பழைய அச்சு இல்லையா? அதை வைத்து இந்தத் தொடரைக் குறைசொல்ல முடியுமா?

நடை வண்டி:
பழைய அச்சுதான். 1916இல் வரத் தொடங்கிய யோஷியா நொபுகோவின் பூக்கதைகள், பெண்கள் பள்ளிகளில் “எஸ்” என்று சொல்லப்பட்ட உறவுகள், 1998இல் தொடங்கிய “மரியா சாமா கா மிதேரு” நாவல்களில் மூத்தவள் இளையவளைத் தங்கையாக ஏற்கும் வழக்கம் வரை அது நீளும். அங்கெல்லாம் மூத்தவள் அக்கா ஸ்தானம். எஸ் வழக்கத்தில் பள்ளி முடிந்தால் உறவும் முடிந்தது என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே வரும்.

இங்கே இரண்டையும் உடைத்திருக்கிறார். அக்கா ஸ்தானம் காலியாகவே கிடக்கிறது. அதில் ஏறி உட்காரப் பார்ப்பதுதான் தோக்கோவின் நோய். கடைசி அத்தியாயம் பள்ளிக்கு வெளியே, கல்லூரிக் காலத்தில் நடக்கிறது. இடையில் ஆசிரியை ஹகோஸாக்கியும் காபிக்கடை மியாகோவும் சேர்ந்து வாழும் இரு பெண்களாக அமைதியாக இருந்துகொண்டே இருக்கிறார்கள். சயகா மனம்விட்டுப் பேசுவதும் மியாகோவிடம்தான்.

வேற்றுமை உருபு:
இதனாலேயே தமிழாக்கத்தில் ஒரு பெரிய குழி உண்டு. “நனாமி செம்பாய்” (செம்பாய் என்றால் பள்ளியில் மூத்தவர்) என்பதை “நனாமி அக்கா” என்று போடத்தான் கை போகும். பள்ளியில் மூத்த பெண்ணை அப்படித்தானே கூப்பிடுவோம். ஆனால் இந்தக் கதையில் யூ அவளை அக்கா என்று ஒருமுறை அழைத்தாலும் போச்சு. அக்காவாக ஆகாதே என்று கேட்கிறவள் வாயிலேயே அந்தச் சொல் வந்துவிடும். “சீனியர்” அல்லது “செம்பாய்” என்றே விடுங்கள்.

நீங்க–நீ வேறுபாட்டை மட்டும் விடாதீர்கள். யூ மரியாதை வடிவில் பேசுகிறாள், தோக்கோ சாதாரண வடிவில் பேசுகிறாள். ஜப்பானிய மூலத்தில் ஒவ்வொரு வினைமுடிவிலும் இது கேட்கும். தமிழிலும் அதேபோல் கேட்கும்.

கூழாங்கல்:
ஆறாம் தொகுதி முடிவைப் பற்றி ஒன்று. பிடிக்கும் என்று யூ சொல்லிவிடுகிறாள், தோக்கோ “மன்னிச்சிடு” என்கிறாள், யூ ஓடிவிடுகிறாள். பெரும்பாலானோர் இதைத் தோக்கோ மறுத்தாள் என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். அந்தச் சொல் மறுப்பா, இத்தனை நாள் உன்னை அடைத்துவைத்தேனே என்ற குற்ற உணர்வா என்று பக்கம் முடிவு கட்டவில்லை. மறுப்பு என்று முடிவு கட்டியது யூ. தோக்கோ யூவின் மனதைத் தானே தீர்மானித்தாள் என்று ஐந்து தொகுதி குறைப்பட்டோமே, ஆறாவதில் யூ அதையே செய்கிறாள்.

பக்கம் பதினேழு:
ஆமாம். அதனால்தான் எட்டாம் தொகுதியில் யூ வந்து சேரும் எண்ணம் முக்கியமாகிறது. பாட்டில் வருவதுபோல் வானத்திலிருந்து விழும் என்று காத்திருந்தாள், விழவில்லை. கடைசியில் தானாக வந்து விழுவது என்ற எண்ணத்தையே விடுகிறாள். நான் தேர்ந்தெடுத்தேன், நான் கை நீட்டினேன் என்கிறாள்.

வேற்றுமை உருபு:
இலக்கணத்தில் இது நான்காம் வேற்றுமையிலிருந்து எழுவாய்க்கு வருவது. “எனக்குப் பிடிக்கும்” என்பதில் நான் செய்வது எதுவும் இல்லை, அது எனக்கு நடக்கிறது. “நான் தேர்ந்தேன்” என்பதில் செய்தவள் நான். முதல் தொகுதியில் யூ முதலாவது வாக்கியத்துக்குக் காத்திருக்கிறாள், எட்டாவதில் இரண்டாவதைச் சொல்கிறாள். மூன்றாம் மணி சொன்ன வருத்தத்தை இது முழுக்கத் தீர்க்காது. ஆனால் “சரியான ஆள் வந்ததும் சரியானாள்” என்ற வாசிப்பை இது ஓரளவு தடுக்கும்.

மூன்றாம் மணி:
ஓரளவு. அதுவரை ஒத்துக்கொள்கிறேன்.

தூவானம்:
தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? “நாளடைவில் நீ ஆவேன்” சரியா?

வேற்றுமை உருபு:
அங்கேதான் தமிழ் மாட்டிக்கொள்ளும். “நாரு” என்ற வினையில் யார் ஆகிறார்கள் என்பது இல்லை. “ஆவேன்” என்றால் தோக்கோ அக்காவாக ஆவது மட்டும் மிஞ்சும். “ஆவாய்” என்றால் யூ தோக்கோவைப் பார்த்துச் சொல்வது மட்டும். “ஆவாள்” என்றால் வெளியாள் குரல். நம் வினைமுற்று ஒருத்தியைத் தேர்ந்தெடுக்காமல் வாயே திறக்காது. வினைமுற்றை விட்டுவிட்டு “நாளடைவில் நீயாக” என்று நிறுத்தலாம்.

கரிசல்:
மறுவாசிப்பை எங்கே தொடங்கலாம்? மொத்தத்தையும் படிக்க நேரமில்லாதவர்களுக்கு.

கூழாங்கல்:
இரண்டாம் தொகுதியின் கடைசி இரண்டு அத்தியாயம், பிறகு நேராக ஆறாம் தொகுதிக் கடைசி. இரண்டும் அதே ஆறு, அதே மிதிகற்கள். வசனத்தை மறைத்துக்கொண்டு ஒருமுறை படத்தை மட்டும் பாருங்க, யார் யார் பக்கம் திரும்பி நிற்கிறார்கள் என்று. அப்புறம் வசனத்தோடு.

கரிசல்:
தாளோடு உட்காருகிறேன். இந்தமுறை மூன்று பத்தி.